1967 மஸ்டாங், 289 இன்ஜின்: குறைந்த விலையில் எந்த ஹெடர் வாங்கலாம்?

பழைய இரும்பு:
வணக்கம். என் வண்டி 1967 மஸ்டாங். 289 கன அங்குல வி8, இரண்டு பேரல் கார்புரேட்டர், மேனுவல் கியர், பவர் ஸ்டியரிங். காலையில் ஸ்டார்ட் செய்தால் டிரைவர் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்புப் பாகம்) கழற்றினால் கடைசி போர்ட் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அப்படியே அதற்குப் பதில் ஹெடர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் புகைக்குழாய் உள்ள செட்) போட்டுவிடலாமே என்று ஆசை. மலிவான லாங் டியூப் (நீளக் குழாய்) செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கறுப்பு பெயின்ட் அடித்தது. வாங்கலாமா? எப்போதாவது ஓட்டும் வண்டிதான், ரேஸ் எல்லாம் இல்லை.

ஸ்பேனர் 14:
முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். உங்கள் கிளட்சுக்கு கேபிள் கிடையாது, கம்பியும் குறுக்குத் தண்டும்தான். பவர் ஸ்டியரிங் ராம் (சக்கரத்தைத் திருப்ப உதவும் ஹைட்ராலிக் உருளை) வேறு கீழே தொங்குகிறது. லாங் டியூப் இத்தனைக்கும் நடுவே நுழைய வேண்டும். பல செட்டுகளுக்கு ராமைக் கீழே இறக்க தனி பிராக்கெட் கேட்பார்கள். வேகத்தடையில் முதலில் அடிபடுவதும் அந்தக் குழாய்தான்.

கரிக்கை:
தம்பி, எல்லோரும் குழாயைப் பார்ப்பார்கள், நீங்கள் ஃபிளேஞ்சை, அதாவது இன்ஜினோடு போல்ட் போட்டு இணைக்கும் தகட்டைப் பாருங்கள். ⅜ அங்குலத் தடிமன் இருந்தால் நல்லது. நான் ஒரு முறை மலிவில் மயங்கி மெல்லிய ஃபிளேஞ்ச் வாங்கினேன். வெல்டிங் சூட்டிலேயே வளைந்திருந்தது. ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. 'போல்ட் இழுத்துக்கொள்ளும்' என்று மாட்டினேன். கேஸ்கட் ஊதிக்கொண்டு அதே டிக் டிக் திரும்ப வந்தது!

குழாய் 1⅝ அங்குலம் போதும். அதைவிடப் பெரிதாகப் போட்டால் உங்கள் இன்ஜினுக்குக் கீழ் வேகத்தில் இழுவைதான் குறையும். 18 கேஜை விட 16 கேஜ் தடிமன் (எண் குறைந்தால் தகடு தடிமன், இதில் ஏமாறாதவர் குறைவு). பெயின்ட் சீக்கிரம் கருகி உதிரும், செராமிக் கோட்டிங் நிற்கும். குழாயில் வெப்பத் துணி சுற்றாதீர்கள், ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

பழைய இரும்பு:
அப்போ குட்டைக் குழாய் உள்ள ஷார்ட்டி ஹெடர்?

கரிக்கை:
இடப் பிரச்சினை குறையும், பலனும் குறைவுதான். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: இரண்டு பேரல் வண்டிக்கு விரிசல் இல்லாத பழைய மேனிஃபோல்ட் ஒன்றே போதும். ஆசை விடவில்லை என்றால் டிரை-ஒய் பாருங்கள். நான்கு குழாய் இரண்டாகி, அப்புறம் ஒன்றாகும், நடு வேகத்தில் நன்றாக இழுக்கும். 1965 ஷெல்பி ஜிடி350-ல் வந்தது இந்த வகைதான். ராம் இடிக்குமா என்பதை மட்டும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய இரும்பு:
டிரை-ஒய் வாங்கினேன், செராமிக் கோட்டிங். பிரித்ததும் ஃபிளேஞ்சில் ஸ்கேல் வைத்தேன், இடைவெளி அளக்கும் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடுகூட அடியில் நுழையவில்லை. மாட்டியாகிவிட்டது, டிக் சத்தம் போயே போச்சு. ஒரு பிளக் வயர் மட்டும் குழாயில் உரசியது, வெப்ப உறை போட்டுத் தள்ளிக் கட்டினேன். இப்போது வேறு தொல்லை: கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால், உடனே ஸ்டார்ட்டர் திணறுகிறது. ஆறவிட்டால் சரியாகிறது.

ஸ்பேனர் 14:
குழாய்ச் சூடு ஸ்டார்ட்டருக்கு ஏறுகிறது. நடுவில் ஒரு தகட்டு மறைப்பு வைத்து, ஸ்டார்ட்டர் கேபிளைக் குழாயிலிருந்து விலக்குங்கள். எர்த் கேபிள் பழசென்றால் அதையும் மாற்றுங்கள்.

கரிக்கை:
கையோடு, இன்ஜின் ஆறியதும் ஹெடர் போல்ட்களை மறுபடி டைட் வையுங்கள். முதல் இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒவ்வொரு முறையும்.