சிறிய ரஷ்யத் தொழில் நகரத்துக்குக் குடிவருவோர் கவனத்துக்கு: நோவோவோரோனெஷ் அனுபவத்திலிருந்து

வோரோனெஷ் நகரத்துக்குத் தெற்கே, தோன் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது நோவோவோரோனெஷ். அணுமின் நிலையத்துக்காகவே 1957-இல் உருவான ஊர் இது. முதல் உலை 1964-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கூடங்குளத்தில் இருப்பதும் இங்கே வளர்ந்த அதே விவிஇஆர் (அழுத்த நீரில் இயங்கும் ரஷ்ய உலை) வகைதான் என்பதால், பயிற்சிக்கு வந்து போன நம்மவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. குடும்பத்தோடு இங்கேயோ இதைப் போன்ற வேறு ஆலை நகரத்துக்கோ வருகிறவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: மாஸ்கோவாசிகள் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பகுதி இங்கே பொருந்தாது. அங்கே பணம் கொடுத்தால் எதற்கும் ஆள் கிடைப்பார். இங்கே காகிதங்கள் சரியாக இருந்தால்தான், நம்மை அறிந்த மனிதர்கள் நாலு பேர் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

முதலில் காகிதங்கள். விமான நிலையத்தில் தரும் மைக்ரேஷன் கார்டு என்ற சிறு தாளைப் பாஸ்போர்ட்டுக்கு இணையாகப் பத்திரப்படுத்துங்கள். உயர்தகுதி நிபுணர் என்ற பிரிவில் வருபவர்களுக்குச் சலுகை உண்டு. மற்றவர்கள் வந்து சேர்ந்த ஏழு வேலை நாள்களுக்குள் தங்கும் முகவரியில் பதிவு பெற்றாக வேண்டும். அந்தப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரோ வேலை தரும் நிறுவனமோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். தயங்குகிறவரின் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுக்காதீர்கள். வேலைக்கு வருபவர்கள் முப்பது நாள்களுக்குள் மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் முடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம்மவர்களை அலைக்கழிப்பது பெயர். நம்மில் பலருக்குத் தந்தை பெயரே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக நிற்கும். சிலருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். விசாவில் உங்கள் பெயர் ரஷ்ய எழுத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே எழுத்துகள்தான் நோட்டரி சான்றளித்த மொழிபெயர்ப்பிலும், பதிவுத் தாளிலும், மருத்துவச் சான்றிலும், வங்கிக் கணக்கிலும் இருக்க வேண்டும். ‘ழ’ உள்ள பெயர்களை ஆங்கிலத்தில் இசட், ஹெச் என்று இரண்டு எழுத்துகளால் எழுதுகிறோம். அதை ஒருவர் ஒரே ரஷ்ய எழுத்தாக்குவார், மற்றொருவர் இரண்டாகப் பிரிப்பார், அதன்பின் வங்கியின் கணினிக்கு நீங்கள் வேறு ஆள். ஆகவே மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுக்காமல் விசாவையும் காட்டி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. உள்ளூர்க் கணக்கும் ‘மீர்’ என்ற ரஷ்ய வங்கி அட்டையும் கைக்கு வரும்வரை சமாளிக்க, கசங்காத டாலர் நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். வெளிநாட்டவருக்கான சிம் விதிகள் 2025 ஜனவரி முதல் கடுமையாகிவிட்டன. ‘ஸ்னில்ஸ்’ என்ற ரஷ்யக் காப்பீட்டு எண் பெற்று, பயோமெட்ரிக் பதிவும் முடிந்த பிறகே தொலைபேசி எண் கிடைக்கும்.

குளிரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்குள் குளிராது. இந்த ஊருக்கு அணுமின் நிலையத்திலிருந்தே வெப்பம் குழாய் வழியாக வருகிறது. ஜனவரியில் உள்ளே மெல்லிய சட்டையோடு இருக்கலாம். சிரமமான காலம் அதற்கு முன்னால் வருவதுதான். நாள் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே வெப்பம் திறந்துவிடப்படும் என்பதால், இலையுதிர்காலத் தொடக்கத்தில் சுவர்கள் சில்லென்று இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சிறிய மின் ஹீட்டர் அவசியம். கோட்டும் பூட்ஸும் சென்னையில் வாங்க வேண்டாம், இங்கேயே வாங்குங்கள். பூட்ஸில் கனத்தைவிட வழுக்காத அடிப்பாகம் முக்கியம். பனி உருகும் நாள்களில் கூரை ஓரமாக நடக்காதீர்கள், மேலிருந்து பனிக்கட்டி விழும்.

சமையலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பாசிப்பயறு ‘மாஷ்’ என்ற பெயரிலும், கொண்டைக்கடலை ‘நூத்’ என்ற பெயரிலும் கிடைக்கும். உடைத்த மஞ்சள் பட்டாணியை ஊறவைத்து அரைத்தால் மசால் வடை நன்றாகவே வரும். கிராஸ்னதார் பகுதியில் விளையும் உருண்டை அரிசி குழையும் அரிசி; பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அது போதும். கெஃபீர் என்ற புளித்த பாலில் தண்ணீர் கலந்து, இஞ்சியும் கொத்தமல்லியும் நசுக்கிப் போட்டால் மோராகிவிடும். உளுந்தை ஓசோன், வைல்ட்பெரீஸ் இணையக் கடைகளில் தேடுங்கள். இட்லி மாவுப் பாத்திரத்தை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் வைக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்டூலில் துணி சுற்றி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். பெருங்காயம், புளி, காய்ந்த கறிவேப்பிலை மூன்றையும் ஊரிலிருந்து எடுத்துவாருங்கள். சைவ உணவுக்காரர்கள் ஆலை கேன்டீனில் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், இறைச்சி வேகவைத்த சாறிலேயே செய்த சூப்பைத் துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள். ‘போஸ்த்னயே’, அதாவது விரத உணவு, எது என்று கேளுங்கள். மீன் இருக்கிறதா என்பதை மட்டும் கூடுதலாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தை நம்பி வர வேண்டாம். கடைக்காரர், மருத்துவமனைப் பதிவாளர், பள்ளி ஆசிரியர் எல்லோரிடமும் ரஷ்ய மொழிதான் செல்லும். வேலைக்குப் போகிறவருக்காவது நிறுவனம் மொழிபெயர்ப்பாளர் தரும். வீட்டில் இருக்கும் துணைக்கு யாரும் இல்லை. அவர் ரஷ்ய எழுத்தும் எண்களும் படித்துவிட்டு வருவது, குடும்பத் தலைவர் படிப்பதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மூத்தவர்களைப் பெயரோடு தந்தை வழிப் பெயரும் சேர்த்து அழைக்கும் வழக்கத்தை உடனே பழகுங்கள். மாடிப்படியில் தினமும் வணக்கம் சொல்லும் பக்கத்து வீட்டுப் பாட்டி, சில மாதத்தில் தோட்டத்து வெள்ளரிக்காயோடு கதவைத் தட்டுவார். குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் ஆம்புலன்ஸ் எண்ணான 103-க்கு அழைத்து முகவரி சொல்லப் போகிறவரும் அவர்தான்.

இப்போதைய நிலையையும் மறைக்கக் கூடாது. வோரோனெஷ் மாகாணம் உக்ரைன் எல்லையை ஒட்டியது. வோரோனெஷ் விமான நிலையம் 2022 பிப்ரவரியில் மூடப்பட்டதால் மாஸ்கோவிலிருந்து ரயிலிலோ சாலை வழியாகவோதான் வர வேண்டும். ஆலை, பாலம், ரயில்பாதை எதையும் படம் எடுக்காதீர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்துவரப்பட்ட இந்திய இளைஞர்கள் ராணுவத்தில் சேர்க்கப்பட்டதும், இந்திய வெளியுறவு அமைச்சகம் அதுபற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே எந்த ரஷ்ய ஒப்பந்தத்தையும், அதைத் தந்தவருக்குத் தொடர்பில்லாத ஒருவர் வரிவரியாகப் படித்துச் சொல்லும்வரை கையெழுத்திடாதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நகல் தர மறுக்கும் இடைத்தரகரை அங்கேயே விட்டுவிடுங்கள்.