முதுகைத் திறந்தால் மை போல் கறுப்பு: எங்கள் அனுபவங்கள்

ஆறு மாதமாக இடது கால் மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. டிஸ்க் விலகல் என்று பிசியோதெரபி செய்யச் சொன்னார்கள். பிறகு எடுத்த எம்ஆர்ஐ, நடு முதுகில் தண்டுவடத்தை ஒரு கட்டி நெருக்குவதைக் காட்டியது. மெனிஞ்சியோமா (தண்டுவட உறையில் வரும் கட்டி) அல்லது பழைய ரத்தக்கசிவு என்றது அறிக்கை. அறுவை முடிந்து கண் விழித்ததும் சர்ஜன், "கட்டி மை மாதிரி கறுப்பு, மெலனோமாவாக இருக்கலாம்" என்றார். மெலனோமா என்றால் நிறமிச் செல்களின் புற்றுநோயாம். வேறெங்கிருந்தாவது பரவியதா என்று தோல் மருத்துவர் உச்சந்தலையிலிருந்து கால்விரல் இடுக்கு வரை தேடினார். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார். பெட் ஸ்கேனும் ஆயிற்று. எங்கும் எதுவும் இல்லை. பதினோராம் நாள் வந்த முடிவு: மெலனோசைட்டோமா, அதாவது தண்டுவட உறையிலேயே பிறந்த சாதுவான நிறமிக் கட்டி. கட்டி முழுதாக வந்துவிட்டதால் கதிர்வீச்சு வேண்டாம் என்றார்கள். கண்ணை எதற்குச் சோதித்தார்கள் என்பதுதான் இன்னும் புரியவில்லை.

*

நான் நோய்க்குறியியல் மருத்துவர். கண்ணில் தோன்றும் மெலனோமாவிலும் தண்டுவட உறையிலேயே பிறக்கும் நிறமிக் கட்டியிலும் ஜிஎன்ஏக்யூ, ஜிஎன்ஏ11 என்ற அதே மரபணு மாற்றங்கள் வரும். அதனால்தான் கண்ணைப் பார்க்காமல் விடுவதில்லை. தோல் மெலனோமாவில் அதிகம் வரும் பிராஃப் மரபணு மாற்றம் தெரிந்தால் தோலை மறுபடி அலசச் சொல்வோம். இந்தக் கட்டிகளில் நிறமி அப்பிக்கிடந்து செல்லின் உட்கருவே மறைந்துபோகும். ப்ளீச் செய்து வெளுத்த பிறகுதான் செல்கள் எந்த வேகத்தில் பிரிகின்றன என்று எண்ண முடியும். எச்எம்பி-45 சாயம் ஏறினால் நிறமிச் செல்லின் வம்சம் என்று தெரியும். சாதுவா, புற்றா என்று அது சொல்லாது.

ஒருமுறை நானே மெலனோசைட்டோமா என்று எழுதப்போனேன். திசு வைத்த கண்ணாடி வில்லையின் ஓரத்தில் சுண்ணாம்பு மணிகள் சில கிடந்தன. சர்ஜனைக் கேட்டேன், நரம்பு வேரிலிருந்து முளைத்த கட்டி என்றார். முன்பு மெலனோட்டிக் ஷ்வானோமா (நிறமி கொண்ட நரம்பு உறைக் கட்டி) என்று மென்மையாக அழைக்கப்பட்ட கட்டி அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் அதன் பெயரிலேயே 'வீரியமிக்க' (புற்றுத்தன்மை கொண்ட) என்பது சேர்ந்துவிட்டது. கார்னி நோய்த்தொகுப்பு என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் இதயத்திலும் கட்டி வரலாம் என்பதால் அந்த நோயாளிக்கு எக்கோ எடுக்கச் சொன்னேன். நல்ல வேளை, இதயம் சுத்தம்.

*

டாக்டர், என் அப்பாவுக்கும் மெலனோசைட்டோமாதான். தண்டுவடத்தோடு ஒட்டியிருந்ததால் ஒரு படலத்தை அப்படியே விட்டுவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நான்காம் ஆண்டு மீண்டும் தலைகாட்டியது. சாது என்ற சொல்லை அதன்பின் நான் நம்புவதில்லை. தொடர் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மெலனின் என்ற அந்தக் கறுப்பு நிறமி, எம்ஆர்ஐயின் டி1 வகைப் படத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமலே வெள்ளையாகத் தெரியும். ஒருமுறை மருந்து ஏற்றிய படம் மட்டும் எடுத்துத் தந்தார்கள். அந்த வெள்ளை மருந்தாலா, மெலனினாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறுபடி போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் பழைய சிடிக்களோடு போய், மருந்துக்கு முன் ஒரு படம் உண்டா என்று அப்பாவே முதலில் கேட்டுவிடுகிறார்.