கோமாளியைப் பார்த்துச் சிரிப்பு நின்றுபோன அனுபவம் உண்டா?

தெனாலிராமன் கதைகளில் வளர்ந்தவன் நான். அரசவைக் கோமாளி என்றாலே ராஜாவை மடக்கிப் பரிசு வாங்குகிறவன் என்றுதான் மனதில் இருந்தது. வார்சா தேசிய அருங்காட்சியகத்தில் போலந்து ஓவியர் யான் மாத்தெய்கோவின் 'ஸ்தான்சிக்' ஓவியத்தைப் பார்த்தபோது அது கலைந்தது. ஸ்தான்சிக் என்பது போலந்து அரசவைக் கோமாளியின் பெயர். சிவப்பு உடையில் கோமாளி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய கோமாளிக்கோல் தரையில் கிடக்கிறது. பின்னால் போலந்தின் போனா அரசியின் விருந்து அமர்க்களப்படுகிறது. மேசைமேல் ஒரு கடிதம்: ஸ்மோலென்ஸ்க் நகரம் எதிரியிடம் பறிபோன செய்தி. அவையே ஆடிக்கொண்டிருக்க, கவலைப்படுகிறவன் இவன் ஒருவன்தான். (ஸ்மோலென்ஸ்க் வீழ்ந்தது 1514இல், போனா அரசியானது 1518இல். கணக்கு இடிக்கிறது, போகட்டும்.) 1862இல் இதை வரைந்தபோது மாத்தெய்கோவுக்கு 24 வயது. கோமாளிக்குத் தன் முகத்தையே கொடுத்திருக்கிறார்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

எனக்கு மாத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில். ஸ்பெயின் அரசர் நாலாம் பிலிப் அரண்மனையின் குள்ளக் கோமாளி செபாஸ்தியான் தெ மோராவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்திருக்கிறார். ஆள் வெறுந்தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார், பாதம் நம்மைப் பார்த்து. கைகள் முஷ்டியாக மடங்கியிருக்கின்றன. நான் பாவப்படத் தயாராகத்தான் போனேன். அந்தக் கண்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 'என்ன வேண்டும் உனக்கு?' என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. முதலில் நகர்ந்தது நான்தான்.

*

ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தை ஒரு சின்னக் குழுவுக்காகத் தமிழாக்கினேன், கோமாளி வேஷமும் கட்டினேன். மூன்றாம் அங்கம் ஆறாம் காட்சியில் "நான் நண்பகலில் படுக்கப் போகிறேன்" என்பான். அதோடு சரி. பிறகு அவன் வருவதே இல்லை, எங்கே போனான் என்று ஷேக்ஸ்பியர் சொல்லவும் இல்லை. ஒப்பனையைக் கலைத்துவிட்டு, மேடையில் லியர் அலறுவதைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் லியர் 'என் பாவப்பட்ட ஃபூல்' தூக்கில் தொங்கவிடப்பட்டதாகப் புலம்புவான். தூக்கிலிடப்பட்ட மகள் கார்டீலியாவைச் செல்லமாகச் சொல்கிறானா, கோமாளியைச் சொல்கிறானா? ஆங்கிலத்தில் இரண்டாகவும் கேட்கலாம். தமிழில் வினைமுற்று ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, "ஐயோ, என் பேதையைத் தூக்கிலிட்டுவிட்டார்களே" என்று எழுதித் தப்பித்தேன்.

*

எல்லாரும் சோகத்துக்கே போகிறீர்களே! கோமாளி வேலையை ஒழுங்காகச் செய்த கதையும் இருக்கிறது. சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் தன் நூலில் விகடர்களுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அதில் யோ சான் என்ற குள்ள விகடன் வருகிறான். சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசனுக்கு ஒரு விபரீத ஆசை: நகர மதில் முழுக்க அரக்குச் சாயம் பூச வேண்டும். யோ சான் மறுக்கவே இல்லை. அருமையான யோசனை, மதில் பளபளக்கும், எதிரி ஏறினால் வழுக்கும், பூசுவதும் சுலபம்தான். ஆனால் பூசியது உலர மதிலையே மூடுகிற கொட்டகை வேண்டுமே, அதைக் கட்டுவதுதான் கஷ்டம் என்றானாம். பேரரசன் சிரித்துவிட்டுக் கைவிட்டான்.

இதைப் படித்த கையோடு அலுவலகத்தில் முயன்று பார்த்தேன். மணிக்கொரு அறிக்கை எழுதச் சொன்னார் மேலாளர். "பிரமாதம் சார், அதைப் படிக்கவும் மணிக்கொரு ஆள் போட்டுவிடலாம்" என்றேன். சிரித்தார். அறிக்கை இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. யோ சானுக்கு அரசவை அனுபவம் அதிகம்.

*

ஆரம்பித்தவனே மறுபடி வருகிறேன். மேலே லியர் பற்றிப் படித்ததும் ஒரு தெருக்கூத்து ஞாபகம் வந்தது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ராஜாவுக்குக் கட்டியமும் கூறுவான், அடுத்த நிமிஷமே 'யாருய்யா நீ?' என்று அவரையே கேட்பான். ராஜா, ரிஷி, முன்வரிசை, யாரும் அவனுக்குத் தப்ப முடியாது. அன்று துகிலுரிதல் காட்சி. நான் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தின் நடுவே சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"சபையில இருந்த பெரியவங்களும் இப்படித்தான் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க கையில போன் இல்ல, அவ்வளவுதான்."

கூட்டமே சிரித்தது. நான் போனை உள்ளே வைத்தேன்.