இயற்கை நெல் வியாபாரம்: மாறுகிற காலத்து நட்டம் யாருக்கு?

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடிப் பக்கம் சிலர் சேர்ந்து, இயற்கை நெல்லை வாங்கி அரிசியாக்கி விற்கும் நிறுவனம் தொடங்குகிறோம். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி. ரசாயனத்தை விட்டு மாறும் முதல் 2 வருடமும் விவசாயிக்குச் சந்தை விலைக்கு மேலேயே கொடுப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம். விதிப்படி அந்தக் காலத்து நெல்லை இயற்கை என்று விற்க முடியாது. மகசூல் விழுவதும் அப்போதுதான். அதை விவசாயி தலையில் கட்டிவிட்டுச் சமூகப் பொறுப்பு என்று எப்படிப் பேசுவது?

கணக்குப்பிள்ளை:
தம்பி, பணத்துக்கு எங்கே போவீர்கள்? தையில் அறுவடை முடிந்ததும் மொத்தப் பணமும் கொடுக்க வேண்டும். அரிசியோ அடுத்த தை வரை கிலோ கிலோவாகத்தான் போகும். பட்டை தீட்டாத அரிசியை மொத்தமாக அரைத்து வைக்கவும் முடியாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வரும், வண்டு விழும். நெல்லாகவே அடுக்கி, ஆர்டர் வரவர அரைக்க வேண்டும். முதல் அத்தனையும் குடோனில் கிடக்கும்போது கூடுதல் விலையும் கொடுத்தால் சீக்கிரமே கடையைச் சாத்த வேண்டியதுதான். அப்புறம் உங்களை நம்பி மாறியவர்கள் கதி?

களத்துமேடு:
அண்ணே, இலங்கையில் 2021-இல் ரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடுத்தார்கள். அவகாசமும் இல்லை, போதிய மாற்று உரமும் இல்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், அப்படியும் விளைச்சல் சரிந்தது. மாறுகிற செலவை உழவர் மட்டும் சுமந்தால் அதுதான் நடக்கும்.

கணக்குப்பிள்ளை:
அது அரசாங்க ஆணை. இங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

மருதாணி:
விவசாயி, நிறுவனம் என்றே பேசுகிறீர்கள். களைக்கொல்லி அடிக்காத வயலில் களை பறிப்பது யார்? சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத பெண்கள். சேற்றில் நின்று நின்று கால் விரலிடுக்கு வெந்து புண்ணாகும். ராத்திரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு, காலையில் மறுபடி அதே சேற்றில் இறங்குவார்கள். இயற்கை என்று கூடுதலாக விற்கிற விலையில் ஒரு பைசா அவர்களுக்குப் போகிறதா? கூலியை ஒப்பந்தத்தில் எழுதாத வரை உங்கள் அரிசியைப் பொறுப்பான அரிசி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
எழுதுகிறோம் அக்கா. களைக்கூலிக்கு நிறுவனமே முன்பணம் கொடுக்கும், விவசாயி கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளை அண்ணே, ஏற்றுமதிக்கு நாங்கள் போகவில்லை. உள்ளூர் விற்பனைக்கு பி.ஜி.எஸ். (பங்கேற்பு உத்தரவாத முறை) சான்று போதும். குழு விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்வதால் வெளி நிறுவனத்துக்குக் கட்டும் பணம் மிச்சம். அதைத்தான் விலையில் சேர்க்கிறோம்.

கணக்குப்பிள்ளை:
அந்த மிச்சம் காணாது. குடோனில் கிடக்கும் நெல்லுக்கு வட்டி ஓடுமே, அதைச் சேர்த்தீர்களா? கூடுதல் விலைக்கு எனக்கு இன்னும் சம்மதமில்லை. கொடுத்தே தீருவீர்கள் என்றால் ஏக்கரைக் குறையுங்கள். கையிலுள்ள முதலுக்கு எத்தனை பேருக்குக் களத்திலேயே காசு எண்ணிக் கொடுக்க முடியுமோ, இந்தச் சம்பாப் பருவத்துக்கு அத்தனை பேர் போதும்.