மான் வேட்டைக்கு வாசனை தடுக்கும் உடுப்பு வாங்கலாமா? மிச்சிகனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: அண்ணா, வணக்கம். மார்ச் மாதம்தான் கோயம்புத்தூரிலிருந்து மிச்சிகன் வந்தேன். நவம்பர் 15 வந்தால் டீமில் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவார்களாம். இந்த வருடம் என்னையும் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். முதலில் அக்டோபரில் வில் வேட்டை. கடைக்குப் போனால், வாசனையே வெளியே வராத உடுப்பு என்று ஒரு வரிசை முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள். ஜாக்கெட்டும் பேண்ட்டும் சேர்த்து சில நூறு டாலர். நம் வீட்டிலோ தினமும் தாளிப்பு. இது இல்லாமல் போனால் மான் கிட்டவே வராதா?

பதில்: தம்பி, முதல் வருடம் அதை வாங்க வேண்டாம். அந்தக் காசில் மரத்துப் பரணில் உட்காரும்போது கீழே விழாமல் தாங்க உடம்பு முழுக்க மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் ஒன்றும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் வாங்குங்கள். மீதி இருந்தால் கம்பளி உள்ளாடை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். ஒன்பது வருடம் முன்பு இதே கேள்வியோடு நான் அந்த வரிசையில் நின்றேன், வாங்கவும் வாங்கினேன்.

என் முதல் மாலை வாட்டர்லூ பக்கம், அலுவலக நண்பரின் மாமனார் பண்ணையில். சோயா வயலின் ஓரம், ஓக் மரத்தில் பரண். உடுப்பு அன்றுதான் உறையிலிருந்து எடுத்தது. அதைப் போட்டுக்கொண்டால் போதும் என்று நம்பியதால் காற்றைப் பற்றி யோசிக்கவில்லை. காற்று என் முதுகிலிருந்து வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெட்டை மானும் இரண்டு குட்டிகளும் எதிர்ப் புதரிலிருந்து இறங்கின. ஏறக்குறைய 60 கஜத்தில் தாய் நின்றது. மூக்கைத் தூக்கியது. முன்னங்காலால் தரையை இரண்டு முறை தட்டியது. அப்புறம் ஒரு சீறல். பஸ் நிற்கும்போது ஏர் பிரேக் விடுமே, அந்தச் சத்தம். மூன்று வெள்ளை வாலும் மேலே எழும்பியதைத்தான் பார்த்தேன். வயலின் மறுபக்கத்தில் நண்பர் இருந்தார். பழைய கம்பளிக் கோட்டு, சமையல் சோடா போட்டு அலசியது, அவ்வளவுதான். காற்று அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதே மாலையில் 20 கஜத்தில் மான் வந்து நின்று மேய்ந்துவிட்டுப் போனது.

அதனால் முதலில் காற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். உடுப்பு அதற்கு அப்புறம்தான்.

அந்த உடுப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. அதில் இருப்பது செயலூட்டிய கரி. உங்கள் ஊருக்கு இது புதிதல்ல. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்களே, அதிலிருந்து செய்கிற கரிதான் வீட்டுக் குடிநீர் வடிகட்டிக்குள்ளும் இருக்கிறது. நுண்ணிய துளைகள் நிறைந்தது. ஒரே கிராம் கரிக்குள் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும். வாசனைத் துகள்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இது உண்மையான வேதியியல், வேலையும் செய்யும்.

சிக்கல் மூன்று இடத்தில். முதலாவது, உடுப்பு மூடாத இடம். மூச்சு வெளியே வருகிறது. முகம், தலைமுடி, கை எல்லாம் வெளியே. கையைத் தூக்கி வில்லை இழுக்கும்போது உள்ளே சூடான காற்று கழுத்து வழியாகவும் மணிக்கட்டு வழியாகவும் துருத்திபோல வெளியே தள்ளப்படுகிறது. தோலிலிருந்து செதில்கள் எந்நேரமும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாவது, கரிக்கு ஒரு கொள்ளளவு உண்டு. உங்கள் உடம்பு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அதற்குத் தெரியாது. கார் புகை, பெட்ரோல், காபிக்கடை எல்லாமே அதில் இடம் பிடிக்கும். மூன்றாவது, நிரம்பிய கரியைப் புதுப்பிப்பது. வீட்டு டிரையரில் போட்டால் மறுபடி புதுசாகிவிடும் என்று பல வருடம் விளம்பரம் வந்தது. வீட்டு டிரையரின் சூடு 60, 70 டிகிரி செல்சியஸ். ஆலைகளில் கரியை முழுதாக மீட்பது 800 டிகிரி பக்கம். லேசாக ஒட்டியது கொஞ்சம் கழன்று போகலாம், முழுதாகப் போகாது.

இது நீதிமன்றம் வரைக்கும் போனது. கரி உடுப்பில் முன்னோடியான ஸ்சென்ட்-லாக் நம் மிச்சிகனிலேயே, மஸ்கீகன் ஊர் நிறுவனம். 2007-ல் மினசோட்டா வேட்டைக்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். வாசனையை அறவே நீக்கும், டிரையரில் புத்துயிர் பெறும் என்ற இரண்டு சொல்லையும் பற்றித்தான் சண்டை. 2010-ல் மாவட்ட நீதிமன்றம் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று தடை போட்டது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. யார் வென்றார் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. குறைக்கிறது என்பதற்கும் ஒழிக்கிறது என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நாலு வருடம் சட்டம் பேசியிருக்கிறது. கடையில் அட்டையைப் படிக்கும்போது அந்த தூரத்தை நினைவில் வையுங்கள்.

நாய்களை வைத்து ஒரு சோதனையும் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்கு ஆய்வாளர் ஜான் ஷிவிக் 2002-ல் வெளியிட்டார். ஆட்களைச் சில முறை கரி உடுப்போடும் சில முறை அது இல்லாமலும் ஒளிந்துகொள்ளச் சொல்லி, தேடும் நாய்களை விட்டார். கரி உடுப்பு போட்டவர்களையும் நாய்கள் ஏறக்குறைய தவறாமல் கண்டுபிடித்துவிட்டன. மான் பயிற்சி பெற்ற நாய் இல்லைதான். ஆனால் மானுக்கு மோப்பம்தான் உயிர். ஓநாயும் மனிதனும் எங்கே என்று மூக்கால் கண்டுபிடித்து இத்தனை தலைமுறை பிழைத்த விலங்கு அது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான் இருக்கும் நோவை (Novi) ஊரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மான்கள் வந்து பூச்செடியை மொட்டையடிக்கின்றன. நான் கதவைத் திறந்தால்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கின்றன. அங்கே மனித வாசனை எப்போதும் இருப்பது. காட்டுக்குள், விடியற்காலை 6 மணிக்கு, எப்போதும் இல்லாத ஓக் மரத்திலிருந்து அதே வாசனை வந்தால் ஓடுகின்றன. எவ்வளவு வாசனை என்பதோடு, எங்கே, எப்போது என்பதும் அதன் கணக்கில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் ஒரே பரணில் நாலு நாள் தொடர்ந்து உட்கார வேண்டாம் என்று சொல்வேன்.

தாளிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இது நமக்கே உரிய கேள்வி, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. அபார்ட்மெண்ட் சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பல இடங்களில் புகையை வெளியே தள்ளுவதில்லை. ஒரு வடிகட்டி வழியாக இழுத்து மறுபடி வீட்டுக்குள்ளேயே விடுகிறது. குளிர் கோட்டு தொங்கும் அலமாரி வாசலுக்குப் பக்கத்தில், சமையலறையிலிருந்து பத்தடியில். வெங்காயம், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் பஞ்சு வைத்த கோட்டில் போய்த் தங்கிவிடும். சமையலை நிறுத்தாதீர்கள். கோட்டை அங்கிருந்து எடுங்கள். வேட்டை உடுப்பை மணமில்லாத சோப்புத்தூளில் துவையுங்கள். டிரையர் வேண்டாம். துணியோடு போடும் மணத் தாள், அதுதான் டிரையர் ஷீட், அதன் மணம் உருளைக்குள் ஒட்டியே இருக்கும், உங்கள் உடுப்புக்கும் வரும். பால்கனியில் காயவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியைக் கார் டிக்கியிலோ கராஜிலோ வையுங்கள். காட்டின் ஓரத்தில் காரை நிறுத்திய பிறகுதான் உடுத்த வேண்டும். பெட்ரோல் முந்தின நாளே போட்டுவிடுங்கள். அன்றைக்குத் தலைக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். நெற்றியில் விபூதி இருந்தால் இருக்கட்டும்.

சோப்புத்தூளில் இன்னொன்றும் பாருங்கள். வெண்மையைக் கூட்டும் பொருள் இல்லாததாக வாங்குங்கள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் மங்கல், நீலமும் அதற்கு அப்பாலும் நன்றாகத் தெரியும். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. அந்த வெண்மைப் பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடுவது. அப்படித் துவைத்த உடுப்பு அரையிருட்டில் மானுக்குப் பளிச்சென்று தெரியலாம். சட்டம் கேட்கும் ஆரஞ்சு உடுப்புக்கு நீங்கள் பயப்படவே தேவையில்லை. நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிப் பருவம். அப்போது வில்லோடு போனாலும் ஆரஞ்சு கட்டாயம். அது உங்கள் உயிருக்கு.

வியர்வைதான் எல்லாவற்றிலும் மோசம். பரணுக்கு அரை மைல் நடக்கும்போது கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் உள்ளே நனைந்துவிடும். அப்புறம் நாலு மணி நேரம் வாசனையும் குளிரும். மெல்லிய சட்டையோடு மெதுவாக நடந்து, மரத்தடியில் கோட்டை மாட்டுங்கள்.

கேள்வி: அப்போ அந்த உடுப்பால் பயனே இல்லையா அண்ணா? என் மேனேஜர் அதில்தான் உயிரையே வைத்திருக்கிறார். அப்புறம், நான் எச்-1பி. துப்பாக்கி தொடலாமா?

பதில்: அவரை மறுத்துப் பேச வேண்டாம் தம்பி. அவர் முப்பது வருடமாகப் போகிறவராக இருந்தால் காற்று பார்ப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல. அதற்கு மேலே இந்த உடுப்பைப் போடுகிறார். அப்படிப் போடும்போது பயன் இருக்கலாம். காற்று சுழன்று ஒரு நொடி தப்பாகப் போகும்போது வாசனை பாதியாகக் குறைந்திருந்தால், மான் சந்தேகத்தோடு நின்றாவது பார்க்கும். வில் வேட்டையில் 20 கஜம்தான் நம் எல்லை; அந்த ஒரு நொடி பெரிது. நானும் மூன்றாவது வருடத்திலிருந்து சில நாள் போடுகிறேன். வெள்ளி இழை போட்ட உள்ளாடைகளும் விற்கிறார்கள். வெள்ளி, வியர்வையில் வாசனையை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தடுக்கும். பல நாள் முகாம் போடுகிறவர்களுக்கு அது நல்லது. வாசனையைப் போக்க என்று விற்கும் ஓசோன் இயந்திரம் மட்டும் வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு. வீட்டில் குழந்தை இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

விசா கேள்வியை நிதானமாகப் படியுங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் போய்விடும். நண்பர் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு நடுவில் இருக்கும்போது இதில் அசட்டை கூடாது. வில் அந்தச் சட்டத்தின் துப்பாக்கிக் கணக்கில் வராது. அதனால்தான் நம்மில் பலர் வில்லில் தொடங்குகிறோம். மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அது வரும்வரை, 21 வயதோ அதற்கு மேலோ ஆன, உரிமம் உள்ள ஒருவரோடு போக அப்ரெண்டிஸ் உரிமம் எடுக்கலாம். மான் விழுந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும்.

மானை ஈர்க்க மான் மூத்திரம் என்று குப்பியில் விற்பதை வாங்குமுன் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பாருங்கள். மானைக் கொல்லும் சிடபிள்யூடி நோய் 2015-ல் இங்கே இங்காம் கவுண்டியில் காட்டு மானில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மூத்திரம் வழியாகவும் பரவலாம் என்பதால் அதிலிருந்து இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். எனக்கு அது தேவையே பட்டதில்லை.

கேள்வி: காற்றை எப்படிப் பார்ப்பது அண்ணா? போனில் வரும் ஆப் போதாதா?

பதில்: ஆப் ஊர்க் காற்றைச் சொல்லும், உங்கள் மரத்தடிக் காற்றைச் சொல்லாது. மேற்குக் காற்று என்று அது சொன்னாலும், பள்ளத்துக்குள் அது சுழன்று கிழக்கே திரும்பியிருக்கும். காற்றே இல்லாத நாளிலும் நகர்வு உண்டு. காலையில் வெயில் பட்டதும் நிலத்தோடு இருக்கும் காற்று சூடாகி மேட்டுப் பக்கம் ஏறும். மாலையில் குளிர்ந்து தண்ணீர்போலப் பள்ளத்துக்கு இறங்கும். அதனால் காலையில் மான் வரும் வழிக்கு மேலேயும், மாலையில் அதற்குக் கீழேயும் உட்காருங்கள். இரண்டு பரண் இடம் பார்த்து வையுங்கள். ஒன்று மேற்கு, வடமேற்குக் காற்றுக்கு, ஒன்று தெற்குக் காற்றுக்கு. இரண்டுக்கும் பொருந்தாத காற்று அடித்தால் அன்றைக்குப் போக வேண்டாம். நடந்து போகும் வழியிலும் மான் படுக்கும் புதருக்குக் காற்றைக் கொடுக்காதீர்கள்.

பார்ப்பதற்கு ஒரு சாமான் சொல்கிறேன், காசு கிடையாது. சின்ன வயதில் எருக்கம் காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறக்கும்போது தாத்தாப் பூச்சி என்று துரத்தியிருப்பீர்கள். அதே குடும்பத்துச் செடி இங்கே சாலையோரமெல்லாம் இருக்கிறது, மில்க்வீட். உடைத்தால் எருக்கு மாதிரியே பால் வரும். இரண்டாம் உலகப் போரில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைக்க இந்தப் பஞ்சைத்தான் சேகரித்தார்கள். அதைப் பதப்படுத்தும் ஆலை வடக்கே பெட்டாஸ்கியில் இருந்தது. பரணில் உட்கார்ந்து ஒரு இழையை விட்டால் அது 50, 60 கஜம் போகும்வரை கண்ணால் தொடரலாம். எங்கே திரும்புகிறது, எங்கே இறங்குகிறது, எல்லாம் தெரியும். காற்றைப் பார்க்கக் கடையில் விற்கும் பொடியை ஊதினால் சில கஜத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். மொனார்க் பட்டாம்பூச்சியின் புழு இந்தச் செடியைத்தான் தின்னும். அதனால் செடியை ஒடிக்காமல் இரண்டே காய், அது ஒரு பருவத்துக்குக் காணும். விதையை உதிர்த்து அங்கேயே மண்ணில் போட்டுவிட்டு, பஞ்சை மட்டும் காலி மாத்திரை டப்பாவில் அடைத்து, வலது பாக்கெட்டில் வையுங்கள்.