இரண்டு "நிறைவு"களுக்கு இரண்டு சொல் வேண்டும், வெள்ளிக்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். உடற்பருமன் சிகிச்சைக்கு வருவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாப்பிடும்போதே "போதும்" என்று கையை எடுக்க வைப்பது சேசியேசன். எழும்பிய பிறகு அடுத்த வேளை வரை பசியை அண்டவிடாமல் வைத்திருப்பது சற்றயற்றி. லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஜோன் பிளண்டெல் வலியுறுத்தும் வேறுபாடு இது. நான் இரண்டையும் "நிறைவு" என்றே எழுதிவிட்டேன். இப்போது ஒரு வரி "நிறைவு வந்தாலும் நிறைவு நீடிப்பதில்லை" என்று நிற்கிறது. உதவுங்கள்.

தெகிவளையிலிருந்து:
தங்கச்சி, சொல் நம் வாயிலேயே இருக்கிறது. வயிறார உண்டான் என்கிறோம். அங்கே ஆர்தல் நிரம்புதல். பசியாறினான் என்கிறோம், அங்கே ஆறுதல் தணிதல். இடையின ர, வல்லின ற. முதலாவதற்கு ஆர்வு, இரண்டாவதற்குப் பசியாறல். கண்ணார, மனமார எல்லாம் இந்த ஆர்தான். சோழர் சூடிய ஆத்திக்கும் ஆர் என்று பெயர் உண்டு. அது வேறு வேர் என்பார்கள், நான் ஒப்பவில்லை. கிளை நிரம்பப் பூப்பதால் வந்த பெயராக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சேர், ஆர்வு என்றால் என் நோயாளிகள் ஆர்வம் என்றுதான் வாசிப்பார்கள். கருத்து தலைகீழாகிவிடும். கிளினிக்கில் நான் கேட்பது "வயிறு நிரம்பிட்டுதா?", "எவ்வளவு நேரம் தாங்குது?" என்றுதான். 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் ஒரே அளவு கலோரியுள்ள 38 உணவுகளைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசியை அளந்தார்கள். வெள்ளைப் பாணை 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்கு 323, குரோசான் 47. இந்தத் தாங்குதலைத்தானே சொல்ல வேண்டும்? நிரம்பல், பசிதாங்கல் என்று வையுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
பசிதாங்கல் பிழை, டொக்டர். நோன்பிருப்பவர்தான் பசி தாங்குகிறார். அவருக்குப் பசி இருக்கிறது. நிரம்பலும் இரைப்பையோடு நின்றுவிடுகிறது. நிறுத்தச் சொல்வதில் குடல் ஓமோன்களுக்கும் மூளைக்கும் பங்குண்டு என்று வகுப்பில் படிப்பிக்கிறேன். அப்புறம், தெவிட்டலை யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். சோறு போதும் என்றவர் வட்டிலப்பத்தைக் கண்டதும் கை நீட்டுகிறாரே, பார்பரா ரோல்ஸ் ஆராய்ந்தது அதைத்தான். சாப்பிட்ட சுவை மட்டும் சலித்துப்போவது. தெவிட்டல் அதற்கென்றே பிறந்த சொல், அதை விட்டுவையுங்கள்.

தெகிவளையிலிருந்து:
தெவிட்டல் அருமை! இன்னொன்றும் சொல்கிறேன். மணிமேகலையில் காயசண்டிகைக்கு 12 ஆண்டு தீராத பசி, பெயர் யானைத்தீ. உடற்கொழுப்பில் சுரந்து பசியை அடக்கும் ஓமோன் லெப்ரின். பிறவியிலேயே அது இல்லாத இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜிலிருந்து சதாஃப் ஃபரூக்கியும் ஸ்டீபன் ஓராஹிலியும் 1997இல் எழுதினார்கள். எவ்வளவு உண்டாலும் அடங்காத அதே பசி. பின்னர் லெப்ரின் ஊசி போட்டதும் பசி அடங்கியது. அந்த நிலையை யானைத்தீ என்றே அழைப்போம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வேண்டாம் சேர். தெருவில் "யானை" என்று கூப்பிடப்பட்டு அழுத பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அந்தச் சொல்லை அவர்கள் கையில் இருக்கும் தாளில் அச்சிட முடியாது. பசியாறலுக்கு நான் சம்மதம்.

வெள்ளவத்தையிலிருந்து:
யானைத்தீயை எடுத்துவிட்டேன். நிரம்பல், பசியாறல், தெவிட்டல் என்று அனுப்பியாயிற்று. நிரம்பலுக்கு மூன்று பேர் ஆதரவு, அதிலும் ஒருவர் அரைமனதோடு. லெப்டின் என்பதா லெப்ரின் என்பதா என்று அச்சகத்தார் கேட்கிறார்கள். லெப்ரின் என்றே விட்டேன்.

தெகிவளையிலிருந்து:
டொக்டர் சொன்னது சரி, யானைத்தீ போகட்டும். ஆனால் நிரம்பலுக்கு என் சம்மதம் இல்லை. குடமும் நிரம்பும், குளமும் நிரம்பும். உண்டு நிரம்பினால்தான் ஆர்தல். அடுத்த பதிப்பு எப்போது, தங்கச்சி?