மழையில் நனைந்த ஹெல்மெட் ஹெட்செட்: சார்ஜ் ஏறவில்லை, குரலும் மங்கல். புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?

பீடோர் வாசி:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நானும் மனைவியும் ஒரு மோட்டாரில், தம்பி இன்னொரு மோட்டாரில். மூவருக்கும் ஒரே மாடல் புளூடூத் ஹெட்செட், ஆன்லைனில் வாங்கிய மலிவு ரகம். மூன்றும் தாடையை மூடாத ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட். வாரநாளில் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் வேலைக்கு, லீவு கிடைத்தால் கேமரன் மலை.

போன வாரம் தானா ராத்தாவிலிருந்து இறங்கும்போது ரிங்லெட் தாண்டி மழை பிடித்தது. தாப்பா வரும்வரை விடவில்லை. வழியில் தம்பியின் குரல் விட்டு விட்டுத்தான் வந்தது. மனைவி பின்னால் உட்கார்ந்து பேசுவது சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போல இருந்தது. என்னுடையது வீடு வரை நன்றாக வேலை செய்தது. மறுநாள் சார்ஜில் போட்டால் விளக்கே எரியவில்லை.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். "உள்ளே தண்ணி போயிருச்சு, மூணையும் மாத்துங்க, மெஷ் வாங்குங்க" என்றார்கள். மெஷ் என்றால் கருவிகள் வலை போல ஒன்றோடொன்று இணைந்து பேசும் ரகமாம். ஆளுக்கு 500 வெள்ளிக்கு மேல் முடியாது. என்ன செய்யலாம்?

மலைப்பாதை:
தம்பி, பணத்தை எடுக்காதீர்கள், பொறுங்கள். நீங்கள் சொன்னவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். ஒரே நாளில் வந்ததால் ஒரே காரணம் என்று நினைக்கிறீர்கள்.

முதலில் தம்பியின் குரல். இந்த ஹெட்செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. வானத்திலிருந்து விழும் மழை அந்த அலையை ஒன்றும் பெரிதாகச் செய்யாது. மலைச்சரிவும், ஈரமான இலையும்தான் குடிக்கும். தாப்பாவிலிருந்து ஏறும் 59ஆம் நம்பர் சாலையில் நேராக எங்கே இருக்கிறது? ஒரு வளைவு முன்னால் போனாலே இடையில் மலை வந்துவிடும். பெட்டியில் "1 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பது மறைப்பே இல்லாத வெட்டவெளிக்கு. நேர் சாலையில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓட்டும்போது சரியாக இருந்தால் தம்பியின் கருவியில் பழுது இல்லை.

அப்புறம் உங்களுடையது. சார்ஜுக்கு எந்தக் கேபிள் போட்டீர்கள்? நனைந்த அன்றைக்கே போட்டீர்களா?

பீடோர் வாசி:
மறுநாள் காலையில்தான் போட்டேன் அண்ணே, அதற்குள் வெளியே துடைத்து வைத்திருந்தேன். கேபிள் புது ஃபோனோடு வந்தது. இரண்டு பக்கமும் சின்ன முனை, சி டைப். பழைய கேபிள் தம்பி வீட்டில் இருக்கிறது.

கம்பி வேலை:
தெலுக் இந்தானில் ஃபோன் ரிப்பேர் செய்கிறேன். இந்த ஹெட்செட்டுகளும் மேசைக்கு வரும்.

அந்தக் கேபிள்தான் என்று சந்தேகப்படுகிறேன். சி டைப் சார்ஜர், எதிரே என்ன சாதனம் இருக்கிறது என்று தெரியாமல் மின்சாரத்தைத் திறக்காது. "நான் இருக்கிறேன்" என்று சொல்ல சாதனத்துக்குள் இரண்டு சிறிய ரெசிஸ்டர் வேண்டும். மலிவு ஹெட்செட் பலவற்றில் செலவு மிச்சம் பிடிக்க அதைப் போடுவதில்லை. ஆகவே சி-க்கு-சி கேபிளில் செத்த மாதிரி கிடக்கும். ஒரு பக்கம் பழைய பெரிய யூஎஸ்பி முனை உள்ள கேபிளில் போட்டால் உடனே விளக்கு எரியும். நல்ல கருவியைக் குப்பையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதைச் செய்வதற்கு முன் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் கேபிளைச் சொருகவே கூடாது. தண்ணீரோடு மின்சாரம் சேர்ந்தால் முனைகள் அரிக்கும், பச்சை படியும். கருவியைக் கழற்றி, துளை கீழே பார்க்க, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், பேட்டரிக்கும் பசைக்கும் சூடு ஆகாது. அரிசிப் பானையும் வேண்டாம்லா, தூசிதான் துளைக்குள் போகும். பச்சை தெரிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ் போதும், காய்ந்த பிறகு சார்ஜ்.

பீடோர் வாசி:
அண்ணே, துளை காய்ந்துதான் இருந்தது. தம்பி கேபிளில் போட்டேன், சிவப்பு விளக்கு எரிகிறது! நேர் சாலையில் தம்பியின் குரலும் தெளிவு. மனைவியின் குரல்தான் இன்னும் மங்கல். காய்ந்து நாளாகிறது.

கம்பார் அக்கா:
நான் கம்பாரிலிருந்து ஈப்போவுக்குத் தினமும் மோட்டாரில் வேலைக்குப் போகிறவள். மைக் முனையில் கறுப்பு ஸ்பாஞ்ச் இருக்கிறது அல்லவா, அதைக் கழற்றிப் பாருங்கள். அது காற்றைத் தடுக்க வைத்தது. தண்ணீர் குடித்தால் குரலையும் தடுக்கும். வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் சாலைச் சேறும் உதட்டுப் பசையும் உள்ளே இறுகி நிற்கும். லேசான சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். மாற்று ஸ்பாஞ்ச் சில வெள்ளிதான், இரண்டு வாங்கி ரெயின்கோட் பையிலேயே போட்டு வைக்கலாம். ஸ்பாஞ்ச் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், காற்று இரைச்சல்தான் கேட்கும்.

மைக் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஓப்பன் ஃபேஸில் கம்பி மைக் வாயோரத்தில், உதட்டுக்கு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். பல மாடல்களில் மைக்கின் ஒரு பக்கத்தில் அம்புக்குறியோ வெள்ளைப் புள்ளியோ இருக்கும், அது வாயைப் பார்க்க வேண்டும். ரெயின்கோட் தொப்பியை உள்ளே போட்டு மேலே ஹெல்மெட் மாட்டினால் மைக் திரும்பிவிடும். உங்கள் மனைவி அன்றைக்கு அப்படித்தான் மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஸ்பீக்கரையும் பாருங்கள். காதுத் துளைக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் விலகினாலே பாதிச் சத்தம் போய்விடும். நாம் என்ன செய்கிறோம், வால்யூமை ஏற்றுகிறோம். வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தமே 90 டெசிபலைத் தாண்டும், அதற்கு மேல் ஸ்பீக்கரும் என்றால் காது என்ன ஆகும்? ஸ்பீக்கருக்குப் பின்னால் கூடுதல் பஞ்சு வைத்துக் காதருகே கொண்டு வாருங்கள். ஹைவேயில் நான் மெல்லிய காதடைப்பான் போடுகிறேன். காற்று இரைச்சல் குறைவதால் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கிறது. ஆம்புலன்ஸ் சைரனும் கேட்கிறது.

சித்தியவான் பையன்:
எல்லாம் சரி, ஆனால் மெஷ் வாங்குவது நல்லதுதானே? நான் கார்டோ கம்பெனியின் மெஷ் வைத்திருக்கிறேன், வித்தியாசம் தெரிகிறது.

மலைப்பாதை:
நல்லதுதான் தம்பி, யாருக்கு என்பதுதான் கேள்வி. மூன்று பேர் புளூடூத்தில் பேசினால் நடுவில் இருப்பவர்தான் பாலம். அவர் துண்டானால் இரு முனையும் துண்டு. மெஷ்ஷில் யார் விலகினாலும் மற்றவர்கள் வழியாக அலை சுற்றிப் போகும், திரும்பி வந்தால் தானே சேர்ந்துகொள்ளும். பத்துப் பேர் கூட்டமாகப் போனால் கண்ணை மூடிக்கொண்டு மெஷ். பின்னால் உட்கார்ந்த மனைவியோடும் ஒரு தம்பியோடும் பேச அது தேவையில்லை. மலை வளைவில் மெஷ்ஷும் மலையைத் துளைக்காது. கார்டோவின் மெஷ்ஷும் இன்னொரு கம்பெனியான சேனாவின் மெஷ்ஷும் ஒன்றோடொன்று பேசாது, கலந்து வாங்கினால் மறுபடியும் புளூடூத்தில்தான் இணைக்க வேண்டும். வாங்குவதானால் கூட்டாளிகள் எதை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நம் ஊருக்கு நான் முதலில் பார்ப்பது சார்ஜ் துளையின் ரப்பர் மூடியை. இறுக்கமாக உட்காருகிறதா, தொங்கும் பட்டை அறுந்துவிடுமா? தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண் ஐபி67 என்றால் தூசி புகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். அந்தச் சோதனை அசையாத தண்ணீரில். வேகமாகப் போகும்போது முகத்தில் அறையும் மழையை அது அளக்கவில்லை, மோட்டார் கழுவும் பிரஷர் குழாயையும் அளக்கவில்லை. மூடி திறந்திருந்தால் எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை. பவர் பேங்க் சொருகியபடி மழையில் ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

அடுத்தது பட்டன். நனைந்த கையுறையோடு தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

கம்பி வேலை:
இன்னும் ஒன்று. கருவியை ஹெல்மெட்டில் மாட்டுவது ஒட்டும் பிடிப்பானாக இருந்தால், ஹெல்மெட்டை ஆல்கஹாலால் துடைத்து ஒட்டுங்கள், உடனே மழையில் ஓட்டிப் போகாதீர்கள். அந்த நுரைப் பசை முழுப்பிடி பிடிக்க 72 மணி நேரம் ஆகும். ஹெல்மெட்டில் துளை மட்டும் போடவே கூடாது, சிரிம் தரச்சான்று ஸ்டிக்கர் இருந்தும் பயனில்லாமல் போகும். ஆலை வாசலில் வெயிலில் ஹெல்மெட்டைத் தொங்கவிட்டுப் போகிறவர்கள் கருவியைக் கழற்றி நிழலில் வையுங்கள். மழையை விட அந்த வெயில்தான் என் மேசைக்கு அதிகப் பேட்டரிகளை அனுப்புகிறது.

பீடோர் வாசி:
அக்கா, ரெயின்கோட் தொப்பி விஷயம் நீங்கள் சொன்னது அப்படியே. மனைவி சிரிக்கிறார். ஸ்பாஞ்சை அலசிக் காயப் போட்டிருக்கிறோம், மைக்கையும் திருப்பி வைத்தாயிற்று. இப்போதைக்கு ஒன்றும் வாங்கவில்லை. தம்பிக்கு மட்டும் சார்ஜ் மூடியின் பட்டை அறுந்திருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம்? டேப் ஒட்டலாமா?

கம்பி வேலை:
டேப் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். விற்றவரிடம் மூடி தனியாகக் கேளுங்கள், சிலர் அனுப்புவார்கள். கிடைக்காவிட்டால் ஃபோன் கடையில் சி டைப் துளைக்கான சிலிக்கான் அடைப்பான் இருக்கும், இறுக்கமாக உட்காருகிறதா என்று போட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அதை ஐபி67 என்று நினைக்க வேண்டாம். பெருமழை வந்தால் தம்பி கருவியைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஓட்டட்டும்.